பரீட்சைக்குப் போன செம்மண்

மண் அள்ளிக் கொடுக்கும் வேலை எனக்கு ஒரு டீக்கடை வாசலில் கிடைத்தது. பனமரத்துப்பட்டிப் பிரிவில் நின்றுகொண்டு ஒரு பெண் ஆட்டோக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். வண்டித் தடமெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும், மம்பட்டி பிடிக்கத் தெரிய வேண்டும், வாரத்துக்கு ஏழெட்டுக் காடு, அதாவது விளைநிலம், சுற்ற வேண்டும், திரும்பி வரும்போது வண்டியில் மண்ணைத் தவிர வேறொன்றும் இருக்காது. மூன்று ஆட்டோக்காரர்களும் சிரித்துவிட்டு என்னைக் கை காட்டினார்கள்.

"அந்தாளு எந்த வேலையிலயும் நிக்கமாட்டாருங்க. உங்களுக்கும் சுத்தற ஆளுதானே வேணும்?"

அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறினேன். இந்தப் பக்கத்துப் பையன்களில் நிறையப் பேர் போகிற வழிதான். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று மூன்று வருஷம். இடது கை நடுவிரலில் ஒரு கணு அங்கேயே தங்கிவிட்டது. பிறகு நாமக்கல்லில் கோழிப் பண்ணை, ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை, கொஞ்ச காலம் லாரிக் கிளீனர். இடையில் சாப்பிடாத நாட்களும் உண்டு. டீயும் பன்னும் இருந்தால் அந்த நாளைச் சாப்பிட்ட நாளாகவே கணக்கில் வைத்துக்கொள்வேன். இதையெல்லாம் அவளிடம் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ இந்த ஊரு மண்ணெல்லாம் உங்களுக்குத் தெரியும், இல்லண்ணா?"

என்னைப் பற்றி அதுவரை யாரும் அப்படிப் பெருமையாகப் பேசியதில்லை. ஒத்துக்கொண்டேன்.

அவள் ஆத்தூர்ப் பக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா, பூஞ்சை, இன்னும் பேர் தெரியாதவை எல்லாம் குடியிருக்கின்றனவாம். மண் புளிப்பா உப்பா, ஈரமா காய்ச்சலா, மேலே உழவா மேய்ச்சலா என்பதைப் பொறுத்து உள்ளே யார் இருப்பார்கள் என்பது மாறுமாம். அதைத்தான் அவள் பார்க்க வேண்டும். நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் என் மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டுக்கொடுத்தாள். அதனால் மறுப்பும் சொல்லவில்லை.

முதல் வாரத்திலேயே என் புத்தி மாறியது. நான் வேலை பார்த்த இடங்களுக்கே அவளைக் கூட்டிப்போனேன். சேகோ ஆலைத் தண்ணீர் வருஷக்கணக்காகப் பாய்ந்த ஒரு வரப்போரம். ஒரு சாண் தோண்டியதும் மண் கறுப்பாக, அழுகிய முட்டை மாதிரி நாறியது. "இங்க காத்து உள்ள போறதில்லண்ணா. காத்து வேண்டாதவங்க மட்டும் குடியிருக்காங்க" என்றாள். நாமக்கல் பக்கம் கோழி எருவைக் கொட்டிக் கொட்டி மக்காச்சோளம் போடும் ஒரு காடு. அந்த எருவை ஒரு காலத்தில் கூடை கூடையாக வாரியவன் நான், கண் எரிந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அங்கே அவள் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது. செடியின் வேரோடு ஒட்டிக்கொண்டு தூரத்திலிருந்து சத்து இழுத்துக் கொடுக்கும் பூஞ்சை ஒன்று உண்டாம். இங்கே காலடியிலேயே சத்து கொட்டிக் கிடப்பதால் வேர் அந்தப் பூஞ்சையை அண்ட விடுவதில்லையாம். சொந்தக்காரன் காசு பார்த்ததும் சும்மா இருப்பானா, பழைய கூட்டாளியைக் கழற்றித்தான் விடுவான் என்று நான் சொல்ல, அவள் அதை நோட்டில் எழுதிக்கொள்ளப் போனாள். தடுத்துவிட்டேன்.

வேலை செய்யும் முறை சுலபம், ஆனால் சுத்தம் அதிகம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஒரு சாண் ஆழம் தோண்டி, ஐந்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து பையில் கட்ட வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் நடுவில் கரண்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். பை உடனே ஐஸ் பெட்டிக்குள் போய்விட வேண்டும். செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் பேரம் பேசி வாங்கிய தெர்மாகோல் பெட்டி அது. மண் சூடாகிவிட்டால் உள்ளே இருப்பவர்களில் சிலர் பெருகி, சிலர் செத்து, கணக்கே தப்பிவிடும். அதனால் எந்தக் காட்டுக்குப் போனாலும் மத்தியானத்துக்குள் சேலம் திரும்பியாக வேண்டும்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் முக்கியமான ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஒரே மண், ஒரே மழை, நடுவில் ஒரு வேலி. அந்தப் பக்கம் பல வருஷமாக உழுது எரு போட்ட காடு, இந்தப் பக்கம் உழவே படாத, எருவே போடாத மேய்ச்சல் தரை. அப்படி ஒரு ஜோடி இருந்தால்தான் உழவு என்ன செய்கிறது என்று சொல்ல முடியும். அது இல்லாவிட்டால் மற்ற பைகளெல்லாம் சும்மா பைகள் என்றாள். ஓமலூர் வரை தேடினோம். உழாத இடம் என்று போனால் பாறை, இல்லாவிட்டால் மனைக்கல் நட்ட இடம். கடைசியில் பனமரத்துப்பட்டிக்குத் தெற்கே ராசிபுரம் போகும் தடத்தில் கிடைத்தது.

அந்தக் காடு ஐம்பது வயசு இருக்கும் ஓர் அக்காவுடையது. பாகப் பிரிவினையில் வந்த செம்மண் காடு. கணவர் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். எருமை வைத்திருந்த காலத்தில் புல்லுக்காக விட்டது, எருமை போன பிறகும் ஒண்டியாள் உழுது என்ன செய்வது என்று அப்படியே விட்டுவிட்டார். இப்போது இரண்டு வெள்ளாடு மட்டும் மேய்கிறது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய கொழுந்தனார் காடு. பிரிந்த வருஷத்திலிருந்து அங்கே குச்சிக்கிழங்குதான், அதாவது சேகோ ஆலைக்குப் போகிற மரவள்ளி. இருவருக்கும் சண்டை என்று இல்லை. ஆனால் ஒருவர் கிணற்றில் தண்ணீர் ஓர் அடி ஏறினால் மற்றவருக்குத் தூக்கம் வராது.

மூன்று தடவை மண் எடுக்க வேண்டும்: கோடைக் காய்ச்சலில் ஒரு தடவை, முதல் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. முதல் தடவை சித்திரை வெயிலில் எடுத்தோம். அன்றைக்குத்தான் நான் வாயை விட்டது.

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பை கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா என்னிடம் வந்து நின்றார்.

"ஏந்தம்பி, என்ற காட்டு மண்ணையும் அள்றீங்க, அவிய காட்டு மண்ணையும் அள்றீங்க. எதுக்குங் தம்பி?"

நுண்ணுயிர், பூஞ்சை என்று ஆரம்பித்தால் வெயிலில் நின்று மாளாது. சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

"பரீட்சைங்கக்கா. உங்க மண்ணும் அவங்க மண்ணும் காலேஜ்ல பரீட்சை எழுதுது. எது எவ்வளவு மார்க்குன்னு சொல்லிருவாங்க."

"மறுக்கா எப்ப எடுப்பீங்க?"

"மழை பேஞ்ச மக்யா நாளு."

அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மோர் கொண்டுவரப் போய்விட்டார். நான் மோர் குடித்துவிட்டு அதை மறந்தும் போனேன்.

வைகாசி பாதியில் மழை வந்தது. ராத்திரி முழுக்கப் பெய்து, விடிகாலை நாலு மணிக்கு அவள் போன் செய்தாள். ஆறரைக்கெல்லாம் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் மண் வாசனை. அதைக்கூட மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்தான் உண்டாக்குகிறது என்று பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அது சரியாகத்தான் இருக்க வேண்டும். ரிக்கில் எண்ணூறு அடிக்குக் கீழேயிருந்து வரும் தூளில் எவ்வளவு தண்ணீர் பட்டாலும் அந்த வாசனை வந்ததே இல்லை.

காட்டு முக்குத் திரும்பியதும் வேறொரு வாசனை வந்தது. ஆட்டு வாசனை.

அக்காவின் காட்டில் இருநூறு செம்மறி ஆடு நின்றது. எல்லாம் மேச்சேரி ஆடு, செம்மண்ணும் ஆடும் ஒரே நிறம். ஒரு மூலையில் மூங்கில் படல்களைச் சதுரமாகக் கட்டிப் பட்டி போட்டிருந்தது. பட்டி என்றால், மந்தையை ராத்திரி காட்டிலேயே அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். மறுநாள் படலைத் தள்ளிப் போட்டு அடுத்த சதுரம். இப்படியே காடு முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டால் அந்த வருஷ வெள்ளாமைக்கு வேறு எருவே வேண்டாம். மேச்சேரிக்காரர் ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பீடி பிடித்தபடி நின்றார். பாதிக் காடு முடிந்திருந்தது.

ஆராய்ச்சிக்காரி மொபெட்டிலிருந்து இறங்காமலே கேட்டாள். "என்னண்ணா இது?"

அக்கா சிரித்த முகமாக எதிரே வந்தார். "வாங் சாமி. மழை வாரதுக்குள்ள முச்சூடும் போட்ரோணும்னு பாத்தேன். வானம் முந்திக்கிச்சு. பாதிதான் ஆச்சு."

"எதுக்கும்மா பட்டி போட்டீங்க?"

"பின்ன? பரீட்சைன்னு தம்பி சொன்னாரே. ஒரு கூடை எருவு காணாத மண்ணு, வெறும் வவுத்தோட போயிப் பரீட்சை எழுதுமா? அவிய காட்டுக்கு வருசா வருசம் எருவு ஓட்டறாங்க. என்றது பெயிலாயிப் போச்சுன்னா நாஞ் செத்தாலும் சொல்லிக் காட்டுவாங்க."

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தனாரின் குரல் வந்தது. "ஏனுங் அண்ணி, மண்ணுக்கு டியூசன் வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது? வாத்தியாரு இருநூறு பேரு!"

"உங்க சோலியப் பாருங்க" என்றார் அக்கா.

அவள் அழவில்லை. வேலியோரமாகப் போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் திட்டியது எங்களுக்கே கேட்டது. திரும்பி வந்து அக்காவின் எதிரில் ஈர மண்ணிலேயே குந்தினாள்.

"அம்மா, எனக்கு உங்க காடு எருவு போடாம இருக்கிறதாலதான் வேணும். இதுமாதிரி இன்னொண்ணு இல்ல. நாலு மாசம் தேடினோம். மீதிப் பாதியில பட்டி போடாதீங்க. இன்னும் ஒரு மாசம். இதுவும் போச்சுன்னா நான் மறுபடி முதல்லயிருந்து ஆரம்பிக்கணும், அதுக்கு எனக்கு வருஷம் இல்ல."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என்ற மண்ணு மட்டமா இருந்தாத்தான் உங்களுக்கு நல்லதுங்களா? அதையும் இதையும் பக்கத்துல வெச்சு, பாரு இது மட்டம்னு காட்டறதுக்கா?"

"மட்டம்னு யாரு சொன்னது?"

"எருவு போடாத மண்ணு மட்டந்தானுங் சாமி. இதுக்குப் படிக்கோணுமா?"

மேச்சேரிக்காரர் வேறு நடுவில் புகுந்தார். "ஏழு நாளுன்னு பேசி மந்தைய ஓட்டியாந்திருக்கறேன். மூணு நாளுல போன்னா எங்க போறது? மழையில நனைஞ்ச ஆடு ஒரு எடத்துல நிக்கோணும்." நியாயம்தான். பெட்டிக்குள் ஐஸ் கரைவது எனக்குக் கேட்பது போலவே இருந்தது.

அவள் பையைத் துழாவி இரண்டு டப்பாக்களை எடுத்தாள். போன தடவை எடுத்து நிழலில் காயவைத்த கட்டி மண், பேராசிரியரிடம் காட்ட வைத்திருந்தது. ஒன்று அக்கா காட்டுடையது, ஒன்று கிழங்குக் காட்டுடையது. "ரெண்டு கண்ணாடி டம்ளர் கொடுங்கம்மா, தண்ணி ஊத்தி" என்றாள். அக்கா மனசில்லாமல் கொண்டுவந்தார். கொழுந்தனாரும் வேலிச் சந்து வழியாக வந்து நின்றுகொண்டார். அவள் நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்றை ஒரு டம்ளரிலும் இன்னொன்றை மற்றதிலும் மெதுவாக விட்டாள்.

கிழங்குக் காட்டுக் கட்டி தண்ணீரில் பட்டதும் பொரிந்தது. ஓரம் உதிர்ந்து, நடு விண்டு, டீ டிகாஷன் மாதிரித் தண்ணீர் கலங்கி, அடியில் சகதியாகப் படிந்துவிட்டது. அக்கா காட்டுக் கட்டி அடியில் போய் உட்கார்ந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மேலே இரண்டு குமிழி வந்தது, அவ்வளவுதான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை உழறதுல அங்க பூஞ்சை நூலெல்லாம் அறுந்துபோகுது. இங்க யாரும் அறுக்கல. மண்ணைக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கிறது அந்த நூலும் புல்லு வேரும்தான்" என்றாள் அவள்.

அக்கா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கொழுந்தனார் பக்கம் நீட்டினார். 

"எங்க மண்ணுல கெழங்கு வெளையுதுல்ல?" என்றார் அவர். "தண்ணியில போட்டு நிக்க வெச்சு நான் என்ன பண்றது?"

"அதும் சரிதாங்க" என்றாள் அவள். "யாரு பாஸு, யாரு பெயிலுன்னு இதுல இல்ல. எந்த மண்ணுல யாரு குடியிருக்காங்கன்னு கேக்கறதுதான் என் வேலை."

அக்கா இன்னும் டம்ளரை விடவில்லை. "பட்டி போட்ட பாதியில இருக்கறவிய இப்ப என்னாவாங்க?"

"இருப்பாங்கம்மா. ஆனா திடீர்னு இவ்வளவு தீனி வந்தா, அதைத் தின்னு வேகமாப் பெருகறவங்க முன்னால வந்துருவாங்க. பழைய ஆளுங்க ஒதுங்கிப்பாங்க. எவ்வளவு நாள்ல, எவ்வளவு தூரம்னு எனக்கே தெரியாது." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். பட்டி போட்ட பக்கத்தையும் போடாத பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதையும்தான் பாத்துருவோமே. பட்டியும் ஒரு நிலப் பழக்கம்தானே அண்ணா? இனிமே இங்க ரெண்டு பை."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார். "ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு பொழுது நான் பொறுக்கமாட்டேன். இப்படிப் பாதி கறுப்பு பாதி செவப்பா கெடந்தா ஊரே சிரிக்கும். அப்பறம், இந்த ஆட்டுக்கு எடம் யாரு பாக்கறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலில் குழி தோண்டி முடித்தோம். பட்டி படாத பாதியில் ஐந்து, பட்டி பட்ட பாதியில் ஐந்து, கிழங்குக் காட்டில் ஐந்து. மூன்று பைகள் பெட்டிக்குள் போயின. அவளை ரோட்டில் டவுன் பஸ் ஏற்றிவிட்டேன். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், பஸ் நகரும்போது எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணா, இனிமே யாராச்சும் கேட்டா, நான் பைத்தியம்னு சொல்லிருங்க. பரீட்சைன்னு மட்டும் சொல்லாதீங்க."

பிறகு நான் மந்தைக்கு வந்தேன். நாலு பேருக்குப் போன் போட்டதில், சோளத்தட்டு அறுத்துவிட்டுக் காட்டைச் சும்மா போட்டிருந்த ஒருவர் ஒத்துக்கொண்டார். மூன்று கிலோமீட்டர். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு இருநூறு ஆட்டுக்கு முன்னால் நான் நடந்தேன். பின்னால் மேச்சேரிக்காரர். லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு குட்டிக்கு நடக்க முடியவில்லை. அதைப் பெட்ரோல் டேங்க்குக்கு முன்னால் இருக்கும் சந்தில் நிற்க வைத்துத் தள்ளினேன்.

"படிச்ச புள்ளைக்கு ஒதவிக்கு வந்தீங்களா, ஒபத்திரவத்துக்கு வந்தீங்களா?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார். நான் குட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டு மொபெட்டை இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

அந்த ஒரு மாதத்தில் நான் நாலு தடவை அங்கே போய்ப் பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். பட்டி போட்ட பாதியில் புல் கருகருவென்று முழங்கால் உயரம் வந்தது. மற்றப் பாதியில் எப்போதும் போல ஒல்லிப் புல். இரண்டு வெள்ளாடும் கறுத்த பக்கத்தை விட்டு நகரவில்லை. கொழுந்தனார் வேலியில் நின்று, "அண்ணி காட்டுல பாதிக்கு மொட்டை அடிச்சு உட்டுட்டாங்களாட்டம்" என்பார். அக்காவுக்குக் கோபம் வரும், ஆனால் என்னைத்தான் திட்டுவார். நல்ல வளம் கண்ணெதிரே நிற்கும்போது மீதியைப் பட்டினி போட்டு வைப்பது ஒரு விவசாயிக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரு தடவை நான் போனபோது ஆட்டுப் புழுக்கைக் கூடையோடு எல்லையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூடையைக் கறுத்த பக்கமே கவிழ்த்தார்.

"கைப் பழக்கம்" என்றார்.

கடைசித் தடவை மண் எடுக்கப் போன அன்று வெயில் இதமாக இருந்தது. அவள் உற்சாகமாக இருந்தாள். இரண்டாம் தடவைப் பைகளின் கணக்கு கொஞ்சம் வந்திருந்தது. மூன்றே ராத்திரி ஆடு படுத்த பக்கத்தில் பாக்டீரியாக்கள் ஏகமாகப் பெருகியிருந்தனவாம். படாத பக்கத்தில் பூஞ்சை அப்படியே இருந்ததாம். கிழங்குக் காட்டில் இரண்டிலும் சேராத வேறு கூட்டம். பேராசிரியர் இப்போது திட்டுவதில்லை, ஆட்டுப் பக்கத்துக் கணக்கை அனுப்பு என்று அவரே கேட்கிறாராம். எந்த மண் நல்லது என்று மட்டும் அவள் அப்போதும் சொல்லவில்லை. கிழங்குக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று, மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கு ஒன்று, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும் என்றாள்.

நான் தோண்டினேன், அவள் துடைத்தாள், கட்டினாள். அக்கா ஒவ்வொரு குழிக்கும் கூடவே வந்து நின்றார். இடுப்பில் போன் செருகியிருந்தது. கடைசிப் பை பெட்டிக்குள் போனது. மூடியை அழுத்தி, சுற்றிலும் டேப் ஒட்டினேன்.

"முடிஞ்சுதுங்களா சாமி?"

"முடிஞ்சுதும்மா. நல்லா இருப்பீங்க."

"இனி ஒண்ணும் வேண்டாமே? மறுக்கா வந்து, ஐயோ அம்மான்னு நிக்கமாட்டீங்களே?"

"மாட்டேன்மா."

அக்கா போனை எடுத்துக் காதில் வைத்தார். எதிர்ப்பக்கம் எடுப்பதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார். "ஏனுங், மேச்சேரிக்காரருங்களா? மந்தை எங்க நிக்குது? நாளைக்குப் பொழுதோட ஓட்டியாந்துருங்க. செவத்த பக்கத்துல நாலு நாளு. ஆமாங்க, அவிய போறாங்க, இப்பத்தான் பெட்டிய மூடினாங்க."